குளத்தைப் பார்த்த வீடுகள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஆரையம்பதி வாசகி ஒருவர் அனுப்பிய படத்தை இந்தப் பக்கத்தில் போட்டிருந்தோம். நடுவே நீளமான புல்வெளி, அதில் ஒரு சின்னக் குளம், சுற்றிவர நெளிவு நெளிவான முகப்புச் சுவரோடு வீடுகள். செக் நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிற அவருடைய மருமகன் லீவு நாளில் எடுத்த படம். அது ஹோலஷோவிட்சே என்ற கிராமம் என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தேன், இடம் போதவில்லை. அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஊரைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுப்பக்கமும் அதற்கே.

ஊர்ப்பெயரைச் சொன்னீர்கள், சரி. அது எங்கே இருக்கிறது? வீடுகள் எல்லாம் ஏன் குளத்தைப் பார்த்தே நிற்கின்றன? ஒரே வளவில் படலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டடம் தெரிகிறதே, அண்ணன் தம்பி வீடுகளா?
– படம் அனுப்பிய அதே ஆரையம்பதி வாசகி

செக் நாட்டின் தெற்கே பொஹீமியா என்ற பகுதியில், செஸ்கே புத்யேயோவிட்சே நகரத்திலிருந்து மேற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது அம்மா. மட்டக்களப்பு ரவுணிலிருந்து ஏறாவூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் க்லெட் என்று 1,084 மீட்டர் உயரமான மலை இருக்கிறது. கடல் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் கிடையாது, அந்த நாட்டுக்கே கடற்கரை இல்லை. ஊரில் இருக்கிற சனம் மொத்தம் 140 பேர் அளவில்தான், எங்கள் பக்கத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற ஆட்களை விடக் குறைவு.

ஊர் நடுவில் இருக்கிற அந்தப் புல்வெளியை நாவெஸ் என்று சொல்வார்கள், அது எல்லாருக்கும் பொது. 13ஆம் நூற்றாண்டில் காடு வெட்டிக் குடியேறினபோதே ஒரு கணக்கு வைத்துத்தான் ஊரைப் பிரித்திருக்கிறார்கள்: நடுவில் பொது நிலமும் குளமும், அதைச் சுற்றி வரிசையாக வளவுகள், ஒவ்வொரு வளவுக்கும் பொது நிலத்தைப் பார்த்து ஒடுக்கமான ஒரு முகம், பிறகு பின்னாலே நீளமாகப் போகும் முற்றம், மாட்டுத் தொழுவம், கதிர் வைக்கிற பெரிய கொட்டில், பழத்தோட்டம், அதற்கும் அப்பால் பட்டி பட்டியாக வயல். யாருக்கும் குளக்கரை தூரமில்லை, யாருக்கும் வயலும் தூரமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அங்கே, தீப்பிடித்தால் வாளி எடுத்துக்கொண்டு ஓடுவதும் அங்கே. குளத்துக்கு முகம் காட்டி நிற்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு கட்டடத்தைக் கவனித்துக் கேட்டீர்களே, அதற்காகவே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு பக்கம் இருப்பது வீடு. படலைக்கு மற்றப் பக்கத்தில் இருப்பது தானியம் போடுகிற கட்டடமாக இருக்கும், இல்லாவிட்டால் வயதுபோன தாய் தகப்பனுக்கான சின்ன வீடாக இருக்கும். அந்தச் சின்ன வீட்டுக்கு அவர்கள் மொழியில் வீம்யெனெக் என்று பெயர். அந்தப் பகுதியில் பண்ணையைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிற வழக்கம் குறைவு. ஒரு பிள்ளைக்கு, பெரும்பாலும் ஒரு மகனுக்கு, முழுதாகக் கையளித்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் எதிர்ப்பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகும்போது சும்மா போவதில்லை. வருடத்துக்கு இவ்வளவு ரை தானியம், நாளுக்கு இவ்வளவு பால், முட்டை, விறகு, தோட்டத்தில் ஒரு துண்டு என்று எல்லாவற்றையும் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணுக்குள் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு மகனுக்கு இல்லை, மகளுக்கு. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்ததும் இருக்கிற நல்ல வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் அதே வளவில் ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டோ, அடுத்த மகளுக்கென்று கட்டத் தொடங்கின அரைகுறை வீட்டுக்குள்ளோ போவார்கள். தமிழர் வீட்டிலும் இப்படித்தான், காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் முஸ்லிம் வீடுகளிலும் இப்படித்தான். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு பிள்ளைக்கு வீட்டை விடுகிற அந்த ஒழுங்கு ஒன்றேதான். ஆனால் எங்கள் ஆட்கள் பாலுக்கும் நெல்லுக்கும் எழுத்து வாங்கினதில்லை. வாங்கியிருக்கலாம் என்று சில வீடுகளில் சில கிழவிகளைப் பார்க்கும்போது மனது அடித்துக்கொள்ளும்.

அந்த ஊரில் இப்போது இருப்பவர்கள் ஆதியிலிருந்து அங்கேயே இருந்தவர்களின் பரம்பரையா?
– மண்டூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

இல்லை ஐயா. படத்தைப் பார்த்தால் எண்ணூறு வருடமாக ஒரே சனம் ஆடாமல் அசையாமல் இருந்த ஊர் போலத்தான் தெரியும். உண்மை அப்படியில்லை.

எழுத்தில் ஊரின் பெயர் முதல் முதலாக வருவது 1263இல். 1292இல் அரசன் இரண்டாம் வென்சஸ்லாஸ் இந்த ஊரைத் தெற்கே விஷ்ஷீ ப்ரோத் என்ற இடத்திலிருந்த சிஸ்டர்சியன் துறவி மடத்துக்கு எழுதிக் கொடுத்தான். ஊரைக் கொடுத்தான் என்றால் நிலத்தையும் அதில் உழுகிற ஆட்களின் உழைப்பையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு 1848 வரைக்கும், ஐந்நூற்றைம்பது வருடம், ஊர் அந்த மடத்துக்கே சொந்தம்.

1520களில் கொள்ளைநோய் வந்தது. ஊரில் மிஞ்சியது இரண்டே இரண்டு பேர். செத்தவர்களை ஊரின் வடக்குப் பக்கத்தில் ஒன்றாகப் புதைத்தார்கள், அந்த இடத்தில் ஒரு தூண் நட்டிருக்கிறார்கள். வளவுகள் எல்லாம் ஆளில்லாமல் கிடக்க, மடம் பவேரியாவிலிருந்தும் ஒஸ்ட்ரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. வந்தவர்கள் ஜேர்மன் மொழி பேசுகிறவர்கள். அப்படியே சுற்றிவர இருந்த செக் ஊர்களுக்கு நடுவில் ஹோலஷோவிட்சே ஒரு ஜேர்மன் ஊராகிப்போனது. 1895இல் எடுத்த கணக்கில் ஜேர்மன்காரர் 157 பேர், செக் ஆட்கள் 19 பேர்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம். அது முடிந்த கையோடு செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து முப்பது லட்சம் அளவிலான ஜேர்மன்காரரை நாட்டை விட்டு அனுப்பினார்கள். நாஜிகள் அந்த நாட்டுக்குச் செய்த கொடுமைக்குப் பதில் என்று சொன்னார்கள். யார் குற்றம் செய்தவர், யார் செய்யாதவர் என்று பார்த்து அனுப்பவில்லை. நானூறு வருடமாக உழுத நிலத்தை விட்டு, கையில் கொண்டுபோகக்கூடிய மூட்டையோடு வெளிக்கிட்ட குடும்பங்கள் அவை. ஹோலஷோவிட்சேயின் வீடுகள் இரண்டாவது தடவையாக வெறுமையாகின. அடுத்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் கனபேர் அந்தப் பக்கம் வந்து குடியிருக்கவில்லை, கூரை இடிந்து புல் முளைத்துப்போய்க் கிடந்தது. 1990க்குப் பிறகுதான் திருத்தத் தொடங்கினார்கள்.

ஆக, ஒரு தடவை நோய் வந்து சனத்தைத் துடைத்தது, ஒரு தடவை அரசு துடைத்தது. மொழி மாறியது, திரும்பவும் மாறியது. ஆனால் வந்தவர்கள் யாரும் குளத்தைத் தூர்க்கவில்லை, படலையை வேறு பக்கம் திருப்பவில்லை. முதல் ஆட்கள் போட்ட கோட்டிலேயே இருந்துகொண்டார்கள். எனக்கு இந்த ஊரில் பெரிதாகத் தெரிவது இதுதான்.

பழைய வீடு என்றால் எங்கள் ஊரிலும்தான் இருந்தது. அதை யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று எழுதி வைக்கிற அளவுக்கு என்ன விசேஷம்?
– களுவாஞ்சிக்குடி

1998இல் பட்டியலில் சேர்த்தார்கள். காரணம் வீடுகளின் வயது இல்லை, இப்போது நிற்கிற முகப்புகளில் பெரும்பகுதி 1840க்கும் 1880க்கும் இடையில் கட்டியதுதான், எங்கள் ஊரின் சில கல்வீடுகளை விடக் கொஞ்சம்தான் மூத்தவை. நடுக்காலத்து ஊர் அமைப்பு அப்படியே இருக்க, அதன் மேலே ஒரே கைப்பக்குவத்தில் கட்டிய இருபத்துமூன்று வளவுகளும் முழுதாக மிஞ்சியிருப்பதுதான் விசேஷம்.

அந்தக் கட்டட முறைக்கு நாட்டுப்புற பரோக் என்று பெயர். 1848இல் மடத்துக்கும் பிரபுக்களுக்கும் கட்டாய வேலை செய்கிற முறை ஒழிந்தது. உழுதவன் கையில் காசு தங்கத் தொடங்கியது. காசு வந்ததும் மனிதன் முதலில் செய்வது வீட்டின் முகப்பை அழகாக்குவதுதானே, அங்கேயும் அதுதான் நடந்தது. ஊர் மேசன்மார் தாங்கள் கண்ட கோயில்களிலும் மாளிகைகளிலும் இருந்த நெளிவையும் பூவேலையையும் கொண்டுவந்து மாட்டுத்தொழுவமும் வைக்கோலும் உள்ள வீட்டின் நெற்றியில் சாந்தால் பூசினார்கள். நகரத்தில் அந்த பாணி போய் நூறு வருடம் ஆகியிருந்தது, அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. கட்டிய வருடத்தையும் நெற்றியிலேயே எழுதிவைத்தார்கள். எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒரு வீட்டின் நெளிவு மற்ற வீட்டில் இருக்காது.

நடுவில் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது, 1755இல் கட்டியது, நெபோமுக் ஊர் புனித யோவானுக்கு உரியது. 1393இல் அரசன் கட்டளையால் ப்ராக் நகரத்து ஆற்றில் எறிந்து கொல்லப்பட்ட குரு அவர். அதனால் வெள்ளத்திலிருந்து காப்பவர் என்று அந்த நாட்டில் பாலம் பாலமாக அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். குளக்கரையில் அவரைக் கும்பிடுவதன் அருத்தம், மழைக்கும் நோய்க்கும் கண்ணகை அம்மனிடம் போகிற எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வீடுகள் தப்பினதற்கு ஒரு காரணம் ஆட்கள் இல்லாமல் போனது. இருந்திருந்தால் அவர்களும் எங்களைப் போல பழைய கூரையை இறக்கிவிட்டு மேலே ஒரு மாடி போட்டிருப்பார்கள். அதனால் "அவர்கள் காப்பாற்றினார்கள், நாங்கள் அழித்தோம்" என்று எங்கள் சனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போய், யுத்தத்தில் சுவர் போய், 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தில் அத்திவாரமே போன சனம் இது. கிடைத்த சீற்றைப் போட்டு, கிடைத்த கல்லை வைத்துக் கட்டினோம்.

அந்தக் குளத்தில் மீன் இருக்கிறதா? அவர்கள் குளத்து மீன் தின்பார்களா?
– நிந்தவூர்

தின்பதா! தெற்கு பொஹீமியாவே குளத்துக்கும் மீனுக்கும் பெயர்போன இடம். கடல் இல்லாத நாடு, கிறிஸ்தவ விரத நாட்களில் இறைச்சி தின்னக்கூடாது, அப்போது மீனுக்கு எங்கே போவது? குளம் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். அவற்றில் பெரியது ரோஷ்ம்பெர்க் குளம், 1584இலிருந்து 1590 வரை யாகுப் கர்ச்சீன் என்பவர் மேற்பார்வையில் கட்டியது, நீர்ப்பரப்பு 490 ஹெக்டயர் அளவில், அணைக்கட்டு மட்டும் இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கிட்ட. அதற்கும் முன்னாலேயே, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், குளத்துக்குக் குளம் தண்ணீர் கொண்டுபோக ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட நீளமான ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள், தங்க வாய்க்கால் என்று அதற்குப் பெயர். நானூறு வருடத்துக்கு மேலாக அணையும் நிற்கிறது, வாய்க்காலும் ஓடுகிறது. உன்னிச்சையிலும் ரூகத்திலும் வாய்க்கால் துப்புரவாக்க வட்டவிதானை கூப்பிடுகிறபோது மண்வெட்டியோடு போன ஆட்களுக்கு அதற்குப் பின்னால் எவ்வளவு கை வேலை இருக்கும் என்று தெரியும்.

வளர்ப்பது கெண்டை இனம், அவர்கள் கார்ப் என்று சொல்வது. பிடிக்கிற முறை வேறு. மழை முடிந்து குளம் வற்றுகிறவரைக்கும் நாங்கள் பார்த்திருப்போம், அவர்கள் இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து தண்ணீரைத் தாங்களே வடித்து, மீன் எல்லாம் பள்ளத்துக்கு வந்து குவிந்த பிறகு விடியப்புறம் வலை போடுவார்கள். பார்க்க ஊரே கரையில் நிற்கும். நத்தார் இரவுச் சாப்பாட்டில் பொரித்த கார்ப் மீனும் உருளைக்கிழங்குச் சலட்டும் இல்லாத செக் வீடு குறைவு. நத்தாருக்குச் சில நாளைக்கு முன்னால் தெருவில் தொட்டி தொட்டியாக வைத்து உயிரோடு விற்பார்கள்.

ஊருக்குள் இருக்கிற சின்னக் குளம் அந்தப் பெரிய வியாபாரத்துக்கு உரியது இல்லை, பனிக்காலத்தில் அது உறைந்தும் போகும்.

ஹோலஷோவிட்சே என்றால் அருத்தம் என்ன? எங்கள் ஊருக்குப் பெயர் ஒரு இலக்கம்தான், அதனால் கேட்கிறேன்.
– நாவிதன்வெளிப் பக்கத்துக் கொலனி ஒன்றிலிருந்து

"ஓவிட்சே" என்று முடிகிற ஊர்ப்பெயர் கனக்க இருக்கிறது அங்கே. பெரும்பாலும் முன்னால் நிற்பது ஒரு ஆளின் பெயர், இன்னாருடைய ஆட்கள் இருக்கிற இடம் என்று பொருள். வேறொரு பெயர்தான் உங்களுக்குப் பொருத்தம்: ல்ஹோட்டா. காடு வெட்டிக் குடியேறுகிறவர்களுக்கு இத்தனை வருடம் வரி இல்லை என்று ஒரு தவணை கொடுப்பார்கள், அந்தத் தவணையைக் குறிக்கிற சொல்லே ஊர்ப்பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்கள். பெரிய ல்ஹோட்டா, மேல் ல்ஹோட்டா, இன்னாருடைய ல்ஹோட்டா என்று அடைமொழி போட்டுத்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லோயாத் திட்டத்தில் காடு வெட்டி நாலாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி, சென்ட்ரல் கேம்ப் என்று பெயர் வைத்த மாதிரிதான். அலுவலக ஏட்டில் இருந்த சொல் ஊருக்கு ஒட்டிக்கொள்வது எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

அங்கே போய்ப் பார்க்கலாமா?
– ஏறாவூர்

செங்கன் வீசா வேண்டும். செஸ்கே புத்யேயோவிட்சேயிலிருந்து பஸ் இருக்கிறது. ஜூலையில் கிராமத் திருவிழா நடத்துவார்கள், கைவேலைக்காரர் எல்லாரும் வருவார்கள், போகிறதென்றால் அப்போது போங்கள்.

செக் நாட்டில் நாஜிகள் ஒரு கிராமத்தையே இல்லாமல் ஆக்கினார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அது இந்த ஊரா?
– கல்லடி, உயர்தர மாணவி

இது இல்லை மகள். அது லிடிட்சே, தலைநகர் ப்ராக்குக்கு வடமேற்கே. 1942 மே 27இல் நாஜித் தலைவர்களில் ஒருவனான ஹெய்ட்ரிக்கை ப்ராக்கில் தாக்கினார்கள், ஜூன் 4இல் செத்தான். அதற்குப் பழி என்று, சம்பந்தமே இல்லாத லிடிட்சேயைப் பிடித்தார்கள். ஜூன் 10ஆம் திகதி ஊரின் ஆண்கள் 173 பேரை ஒரு பண்ணை வளவில் வைத்துச் சுட்டார்கள். பெண்களை ரவென்ஸ்ப்ரூக் முகாமுக்கு ஏற்றினார்கள். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள், அதில் 82 பிள்ளைகளை நச்சுப்புகை விட்டுக் கொன்றார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தது 143 பெண்களும் 17 பிள்ளைகளும்.

ஆட்களைக் கொன்றதோடு விடவில்லை. வீடுகளைக் கொளுத்தி, கோயிலை வெடிவைத்துத் தகர்த்து, சவக்காலையைத் தோண்டி, ஓடையின் போக்கை மாற்றி, குளத்தையும் மூடினார்கள். ஒரு ஊர் இருந்த தடயம் வேண்டாம் என்றால் குளத்தையும் மூட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேலே ஹோலஷோவிட்சேயைப் பற்றி எழுதும்போது எனக்கு இந்தக் குளமும் கூடவே நினைவில் இருந்தது.

பிறகு 1947இலிருந்து பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புது லிடிட்சேயைக் கட்டினார்கள். பழைய இடத்தை வெளியாகவே விட்டார்கள். 1955இல் பல நாடுகளிலிருந்து வந்த ரோசாச் செடிகளை நட்டுத் தோட்டம் வைத்தார்கள். அந்த 82 பிள்ளைகளையும் ஒவ்வொருவராக வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள், சிற்பி மரியே உகிட்டிலோவா என்ற பெண். அதே ஜூன் மாதத்தில் அழிக்கப்பட்ட லெஜாக்கி என்ற இன்னொரு சின்ன ஊரைத் திரும்பக் கட்டவே இல்லை. வீடு இருந்த இடத்தில் கல் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கரையில் பிறந்த பிள்ளை நீ. இதற்கு மேல் உனக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது பேச விரும்பினால், பக்கத்தில் இருந்து கேள்.

ஒரு சின்ன ஊரைப் பற்றி இவ்வளவு விபரம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?
– திருக்கோவில்

மடத்தின் ஏடுகள், கோயில் ஞானஸ்நானப் பதிவுகள், 1770இல் வீட்டுக்கு வீடு இலக்கம் போட்டதிலிருந்து வந்த அரசாங்கக் கணக்குகள் என்று பழைய எழுத்து நிறைய இருக்கிறது. அதைவிட முக்கியமாக, 1920இல் செக்கோஸ்லோவாக்கியா ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு நினைவேடு வைத்திருக்க வேண்டும், அதை எழுத ஒரு ஆளை நியமிக்க வேண்டும். அந்த நாட்டில் ஊராட்சிகள் ஆறாயிரத்து இருநூறுக்கும் மேல், பெரும்பாலானவற்றில் ஆயிரம் பேர்கூட இல்லை. 2006இலும் அதற்குப் புதுச் சட்டம் வந்தது, இன்றைக்கும் எழுதுகிறார்கள். மழை எப்படி, விளைச்சல் எப்படி, யார் ஊரை விட்டுப் போனார், பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளை, எந்தப் பாலம் உடைந்தது என்று.

எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, சரி. ஆனால் கோயில் வண்ணக்கர் வீட்டில் பழைய கணக்குக் கொப்பி இருக்கும், பள்ளிவாசலில் இருக்கும், பள்ளிக்கூடத்து இடாப்பு இருக்கும், சீதன உறுதியில் நாலு எல்லையும் எழுதியிருக்கும். அவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் வயலில் நின்ற வயதான ஒருவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு வட்டையின் பெயரையும் ஒவ்வொரு மதகின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். மூடிப்போன குளம், மடு, துரவு எது எங்கே இருந்தது என்பதையும் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி, திகதி போட்டு, யார் சொன்னார் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். முதல் பத்துப் பக்கம் முடிந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், போடுகிறோம்.

ஆரையம்பதி அம்மா, மருமகன் அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் ஊரின் வடக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கொள்ளைநோய்த் தூணையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.